ஒரே குளியலறை உள்ள பழைய வீடு: இடிக்கும் முன்பு எழும் கேள்விகள்

எங்கள் குடும்ப வீட்டில் ஏழு பேருக்கு ஒரே குளியலறை. கழிப்பறையும் அதற்குள்ளேயேதான். தாத்தா காலத்தில் கட்டிய அதை இடித்துப் புதிதாகச் செய்து முடித்த பிறகு, அதே நிலையில் இருக்கும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் நிறையக் கேள்விகள் கேட்டார்கள். திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே பதில்களோடு தொகுத்திருக்கிறேன். இரண்டு மூன்று குளியலறை உள்ள வீட்டில் வேலை தாமதமானால் எரிச்சல் வரும். ஒன்றே ஒன்று உள்ள வீட்டில் தாமதமானால் குடியிருக்கவே முடியாது. அதனால் டைல்ஸின் நிறத்தைவிட நாள் கணக்கைப் பற்றியும், சுவருக்குள் மறையப்போகும் குழாய்களைப் பற்றியும்தான் அதிகம் பேசியிருக்கிறேன்.

இருப்பது ஒன்றுதான். வேலை நடக்கும் நாட்களில் வீட்டில் இருப்பவர்கள் எங்கே போவது?

இதற்குப் பதில் கிடைக்காமல் யாரையும் சுத்தியலைத் தூக்க விடாதீர்கள். குளிப்பதற்கு எப்படியாவது வழி பண்ணிவிடலாம். ஒரு மறைப்பும் தண்ணீர் ஓட ஒரு வடிகாலும் இருந்தால் சில வாரங்கள் ஓட்டிவிடலாம். கழிப்பறைதான் சிக்கல், அதுவும் இரவில். பகலில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டலாம். இரவு 2 மணிக்கு எழுந்திருக்கும் வயதானவரை எங்கே அனுப்புவது?

என்னைக் கேட்டால், கொஞ்சம் இடம் இருந்தாலும் முதலில் ஒரு சின்னக் கழிப்பறையைக் கட்டிவிட்டு, அப்புறம் குளியலறையில் கை வையுங்கள் என்பேன். சுமார் 90 செ.மீ. அகலமும் 1.5 மீட்டர் நீளமும் இருந்தால் ஒரு கழிப்பறைக் கோப்பையும் கை கழுவ ஒரு சின்ன பேசினும் வைத்துவிடலாம். மாடிப்படிக்கு அடியில், சாமான் அறையின் ஒரு மூலையில், பின்பக்கத் தாழ்வாரத்தின் ஓரத்தில் என்று பழைய வீடுகளில் அந்த அளவு இடம் பெரும்பாலும் கிடைக்கும். பிரதான கழிவுக் குழாய் அருகில் இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் பாருங்கள். இந்தச் செலவு வீண் போகாது. வேலை முடிந்த பிறகும் காலை நேர வரிசை பாதியாகக் குறையும்.

இடமே இல்லாத வீட்டில் வேலையை மூன்று கட்டமாகப் பிரித்துப் பாருங்கள். சுவர் டைல்ஸை உடைக்கும்போதும் சுவரில் குழாய் பதிக்கும்போதும் பழைய கோப்பையை அதன் இடத்திலேயே விட்டுவைக்க முடியும். மாலையில் கட்டிடக் குப்பையை அள்ளிவிட்டால் இரவு பயன்படுத்தலாம். கோப்பையைக் கழற்றித் தளத்தை உடைக்கும் நாளில் இரண்டாவது கட்டம் தொடங்குகிறது. அதிலிருந்து தள டைல்ஸ் இறுகும் வரை அந்த அறைக்குள் யாரும் காலே வைக்க முடியாது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் இது 10 முதல் 14 நாள். வயதானவர்களையும் குழந்தைகளையும் இந்த நாட்களுக்கு மட்டும் உறவினர் வீட்டுக்கு அனுப்புங்கள். முழு மாதமும் அனுப்ப வேண்டியதில்லை, அது எல்லோருக்கும் பாரம். மூன்றாவது கட்டத்தில் கோப்பை திரும்பி வந்துவிடும். மீதி வேலை அதைச் சுற்றி நடக்கும். வீட்டை விட்டு நகரவே முடியாதவர் ஒருவர் இருந்தால், நோயாளிகளுக்கான கமோடு நாற்காலி ஒன்றை முன்கூட்டியே வாங்கி அவரை இரண்டு நாள் பழகவிடுங்கள். வேலை தொடங்கிய அன்றைக்குப் புதிதாகக் கொண்டுவந்து வைத்தால் பாவம், கூச்சத்திலேயே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார்கள்.

மொத்தம் எத்தனை நாள் ஆகும்?

சாதாரண அளவுக் குளியலறைக்கு 3 முதல் 5 வாரம். இடிக்க 2 நாள், குழாயும் வயரும் பதிக்க 3, 4 நாள், பூச்சு வேலையும் அது இறுகுவதும் ஒரு வாரம், நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சும் அதன் சோதனையும் 4, 5 நாள், டைல்ஸ் ஒட்ட 4, 5 நாள், அதற்கப்புறம் பொருட்களைப் பொருத்துவது. இதில் யாரும் வேலை செய்யாத நாட்கள் நிறைய இருக்கும். சிமென்ட் பூச்சுக்கு 7 நாள் தண்ணீர் காட்ட வேண்டும் என்றால் காட்டத்தான் வேண்டும். “10 நாளில் முடித்துத் தருகிறேன்” என்று யாராவது சொன்னால், இந்தக் காத்திருப்பில் எதை விடப்போகிறார் என்று கேளுங்கள்.

தாமதத்துக்குப் பெரிய காரணம் பொருள் வந்து சேராததுதான். கோப்பை, பேசின், குழாய்கள், சுவருக்குள் போகும் வால்வு, டைல்ஸ், தள வடிகால் ஜாலி எல்லாம் வீட்டுக்கு வந்து, பெட்டியைப் பிரித்து உடைசல் இல்லை என்று பார்த்த பிறகு இடிக்கத் தொடங்குங்கள். ஒரு வால்வுக்காக ஒரு வாரம் காத்திருப்பது, ஒரே குளியலறை உள்ள வீட்டில் மிகவும் நீளமான வாரம்.

முழுக்க இடிக்க வேண்டுமா? பழைய டைல்ஸ் மேலேயே புதிதாக ஒட்டினால் போதாதா?

ஒட்டலாம், அதற்கென்றே பசைகளும் இருக்கின்றன. தளத்தில் கசிவு இல்லை, குழாய்கள் மாற்றிச் சில வருடங்கள்தான் ஆகின்றன, பழைய டைல்ஸ் ஒன்றுகூட ஆடவில்லை என்றால் அது நியாயமான முடிவு. ஆனால் 30, 40 வருடக் குளியலறையில் இந்த மூன்றும் சேர்ந்து அமைவது அரிது. மேலே ஒட்டினால் தளம் 1 முதல் 2 செ.மீ. உயரும். வாசலில் தண்ணீர் வெளியே வராமல் தடுக்கும் உயரம் அதே அளவு குறையும். வீட்டில் உள்ள ஒரே குளியலறையை இரண்டு முறை திறப்பது கொடுமை. சந்தேகம் இருந்தால் இப்போதே முழுதாக இடித்துவிடுங்கள்.

இடிக்காமலே உள்ளே என்ன நிலைமை என்று தெரிந்துகொள்ள முடியுமா?

ஓரளவுக்கு முடியும். செலவில்லாமல் நீங்களே செய்யக்கூடிய சோதனைகள் சில உண்டு.

ஒரு நாணயத்தை எடுத்து ஒவ்வொரு டைலையும் தட்டிப் பாருங்கள். கணீரென்று இறுகிய சத்தம் வந்தால் பிடிப்பு நன்றாக இருக்கிறது. பொள்ளென்று வெற்றுச் சத்தம் வந்தால் அடியில் கலவை விட்டுப்போயிருக்கிறது. தண்ணீர் தங்கவும் அங்கே இடமிருக்கிறது.

தண்ணீர் மீட்டர் இருந்தால், வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். 2 மணி நேரம் கழித்து எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. ஃப்ளஷ் டேங்கில் சமையல் நிறப்பொடி கொஞ்சம் கலந்து, 20 நிமிடம் ஃப்ளஷ் செய்யாமல் விட்டுப் பாருங்கள். கோப்பைக்குள் நிறம் வந்தால் டேங்கின் உள் வால்வு கசிகிறது.

சுவரில் ஓதம் இருக்கிறதே, அது குழாயிலிருந்து வருகிறதா, காற்றின் ஈரமா என்று குழப்பம் வரும். ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் தாளை அந்த இடத்தில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, 2 நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் வியர்த்திருந்தால் அறையில் காற்றோட்டம் போதவில்லை.

கடைசியாக ஒன்று. குளியலறைக்குள் நிற்பதைவிட அதன் மறுபக்கச் சுவரையும் கீழ்த்தளத்தின் கூரையையும் பாருங்கள். குளியலறையின் உண்மை அங்கேதான் தெரியும்.

இடித்த பிறகு எதிர்பாராமல் என்னென்ன வெளிவரும்?

பழைய இரும்புக் குழாய் உள்ளே துருப்பிடித்துப் பென்சில் நுழையும் அளவுக்குச் சுருங்கியிருக்கும். கான்கிரீட் தளத்தின் கம்பி துருப்பிடித்து ஊதி, சிமென்ட்டைத் தள்ளியிருக்கும்; மரத் தளம் உள்ள வீடுகளில் கோப்பைக்கு அடியில் உள்ள உத்திரம் இற்றுப்போயிருக்கும். இந்த இரண்டில் எது வந்தாலும் வேலையை நிறுத்தி ஒரு கட்டிடப் பொறியாளரிடம் காட்டுங்கள். மேலே பூசி மூடச் சொல்லாதீர்கள்.

உடம்புக்கே கெடுதலான இரண்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று ஈயக் குழாய். சாம்பல் நிறத்தில் மெத்தென்று இருக்கும், சுரண்டினால் வெள்ளிபோல மின்னும், காந்தம் ஒட்டாது. குடிக்கும் தண்ணீர் அதன் வழியாக வந்துகொண்டிருந்தால், குளியலறை வேலையைச் சாக்காக வைத்து முழு லைனையும் மாற்றிவிடுங்கள். குழந்தைகளுக்கு அது மிகவும் ஆபத்து. மற்றொன்று ஆஸ்பெஸ்டாஸ். பழைய சிமென்ட் தகடு, சிமென்ட் கழிவுக் குழாய், பழைய வினைல் தள ஓடு ஆகியவற்றில் இருக்கலாம். கண்ணால் பார்த்து உறுதி செய்ய முடியாது. சந்தேகம் வந்தால் நீங்களாக உடைக்காமல், துளை போடாமல், மாதிரி எடுக்கத் தெரிந்தவர் மூலம் ஒரு துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பி, ஆஸ்பெஸ்டாஸ் என்று உறுதியானால் அதை அகற்றத் தெரிந்தவர்களையே கூப்பிடுங்கள். அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்ப வராது.

இதற்கெல்லாம் சேர்த்து மதிப்பீட்டில் 15 முதல் 20 சதவீதம் தனியாக ஒதுக்கி வையுங்கள். அதை நல்ல ஷவருக்கு என்று முன்னாலேயே செலவழித்துவிடாதீர்கள்.

கோப்பையை வேறு மூலைக்கு மாற்றலாமா?

மாற்றுவதற்கு வலுவான காரணம் இல்லையென்றால் வேண்டாம். பேசினையும் ஷவரையும் நகர்த்துவது எளிது, அவற்றின் கழிவுக் குழாய் சின்னது. கோப்பையின் குழாய் 100, 110 மி.மீ. பருமன். அது ஒரு மீட்டர் ஓடினால் சுமார் 2 செ.மீ. இறங்க வேண்டும். 3 மீட்டர் தள்ளி வைத்தால் 6 செ.மீ. இறக்கம், அத்துடன் குழாயின் பருமன். அவ்வளவு ஆழம் பழைய தளத்தில் இருக்காது. தளத்தை உயர்த்தினால் வாசலில் படி வந்துவிடும். வயதானவர்கள் உள்ள வீட்டில் அந்தப் படி ஒரு தினசரி ஆபத்து. வாட்டம், அதாவது சரிவு, குறைந்த குழாய், அடைப்பை விலைக்கு வாங்கியதற்குச் சமம்.

இருக்கிற இடத்திலேயே புதுக் கோப்பை வைப்பதாக இருந்தாலும், சுவரிலிருந்து கழிவுத் துளையின் மையம் வரை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். பழைய டைல்ஸோடு அளந்தால் புது டைல்ஸின் கனம் கூடும் அல்லது குறையும், அதையும் கணக்கில் சேருங்கள். இந்த அளவு 2 செ.மீ. தவறினால்கூட டேங்க் சுவரில் இடிக்கும், இல்லையென்றால் பின்னால் இடைவெளி விழும்.

தண்ணீர்க் குழாய்களில் எதை மாற்ற வேண்டும்? எதை விடலாம்?

சுவரை உடைத்தாகிவிட்டது என்றால் அந்தச் சுவருக்குள் உள்ள எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். “இது நன்றாகத்தான் இருக்கிறது” என்று விட்ட ஒரு முழம் பழைய குழாய்தான் பின்னால் தொல்லை தரும். துத்தநாகம் பூசிய பழைய இரும்புக் குழாயைச் செம்புக் குழாயோடு நேரடியாக இணைக்காதீர்கள். இரண்டு உலோகம் தண்ணீரில் சந்திக்கும் இடத்தில் இரும்பு வேகமாக அரிக்கும். இடையில் அதற்குரிய இணைப்பு வேண்டும்.

குளியலறைக்கென்று தனியாக மூடும் வால்வு ஒன்று, கைக்கு எட்டும் இடத்தில் கண்டிப்பாக இருக்கட்டும். கோப்பைக்கும் பேசினுக்கும் தனித்தனி ஆங்கிள் வால்வு. இவை இல்லாத வீட்டில் ஒரு வாஷர் மாற்றுவதற்கும் வீடு முழுக்கத் தண்ணீரை நிறுத்த வேண்டியிருக்கும்.

சுவரை மூடும் முன் அழுத்தச் சோதனை செய்யாமல் இருக்கவே கூடாது. எல்லா முனைகளையும் அடைத்து, கைப்பம்பால் வழக்கமான அழுத்தத்தைவிட ஒன்றரை மடங்கு ஏற்றி, அழுத்தமானியின் முள் சில மணி நேரம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பது. எங்கள் வீட்டில் வேலைக்கு வந்தவர் “எல்லாம் நன்றாக ஒட்டியிருக்கிறது, எதற்கு” என்றார். நாள் ஏற்கெனவே தள்ளிப்போயிருந்தது, அம்மா சித்தி வீட்டிலிருந்து எப்போது திரும்பலாம் என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தார், நானும் சரி என்றேன். டைல்ஸ் ஒட்டி 9 நாள் கழித்து மறுபக்கப் படுக்கையறைச் சுவரில் கையகல ஈரம் தெரிந்தது. எல்போ என்ற வளைவு இணைப்பு ஒன்றில் பசை சரியாகப் பிடிக்கவில்லை. நான்கு டைல்ஸை உடைத்து, அந்த ஒரு இணைப்பை மாற்றி, திரும்ப மூடுவதற்குள் இன்னும் 8 நாள் போனது. அரை நாள் சோதனையை மிச்சம் பிடித்ததற்கு அம்மா இன்னொரு வாரம் அடுத்தவர் வீட்டில் இருக்க நேர்ந்தது. இன்றும் எனக்கு அது வருத்தம்தான்.

மூடுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும், அளவு நாடாவைப் பக்கத்தில் பிடித்து, போட்டோ எடுத்து வையுங்கள். பிறகு கண்ணாடி மாட்ட ஆணி அடிக்கும்போது அந்தப் படம் உங்களைக் காப்பாற்றும்.

டைல்ஸ் ஒட்டினாலே தண்ணீர் உள்ளே போகாதே, தனியாக நீர்த்தடுப்புப் பூச்சு எதற்கு?

எனக்கு வந்த கேள்விகளிலேயே அதிகம் வந்தது இது. டைல் தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது, உண்மைதான். ஆனால் டைல்களுக்கு நடுவே உள்ள சிமென்ட் கிரௌட் உறிஞ்சும். ஏழு பேர் தினமும் குளிக்கும் தளத்தில், அந்த மெல்லிய கோடுகள் வழியாக ஈரம் இறங்கிக்கொண்டே இருக்கும். அதைத் தடுத்து வடிகாலுக்குத் திருப்புவது அடியில் இருக்கும் பூச்சுதான். டைல் அதற்கு மேலே போட்ட உடுப்பு.

பூச்சு என்றால் வாளியைத் திறந்து அடித்துவிட்டுப் போவதில்லை. முதலில் தளம் சுத்தமாக, தூசியில்லாமல், விரிசல்கள் அடைக்கப்பட்டு இருக்க வேண்டும். தளமும் சுவரும் சேரும் மூலையைச் செங்கோணமாக விடாமல், கலவை வைத்துச் சரிவாக உருட்ட வேண்டும். கூர்மையான மூலையில்தான் பூச்சு முதலில் விரியும். அந்த மூலையிலும், தளத்தைத் துளைத்து வரும் ஒவ்வொரு குழாயைச் சுற்றியும் வலைத்துணி பதிக்க வேண்டும். பிறகு குறைந்தது இரண்டு கோட்டிங். முதல் கோட்டிங் வடக்கு தெற்காக அடித்தால் இரண்டாவது கிழக்கு மேற்காக. நடுவில் டப்பாவில் எழுதியிருக்கும் நேரத்துக்குக் காய விட வேண்டும். சுவரில் சுற்றிலும் 30 செ.மீ. உயரம், ஷவர் இருக்கும் சுவரில் 2 மீட்டர் உயரம் வரை போக வேண்டும். வாசற்படியின் அடிப்பாகத்தையும் சேர்த்து அடிக்கச் சொல்லுங்கள். பலர் அதை விட்டுவிடுவார்கள், வெளியே கூடத்துச் சுவரில் ஓதம் ஏறுவது அந்த வழியாகத்தான்.

காய்ந்த பிறகு தேக்கிப் பார்க்கும் சோதனை. வடிகாலை இறுக்கி அடைத்து, வாசலில் சின்ன வரப்பு கட்டி, 3, 4 செ.மீ. தண்ணீரை நிறுத்துங்கள். மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துவிட்டு 24 முதல் 48 மணி நேரம் விடுங்கள். காற்றில் கொஞ்சம் குறையும். குறி தெளிவாக இறங்கியிருந்தாலோ கீழே ஒரு சொட்டு ஈரம் தெரிந்தாலோ பூச்சைத் திரும்பப் பார்க்க வேண்டும். கான்கிரீட் தளத்துக்கு இது பொருந்தும். மரத் தளத்தில் இவ்வளவு எடையை ஏற்றும் முன் பொறியாளரைக் கேளுங்கள். சோதனை முடிந்ததும் பூச்சின் மேல் ஒரு மெல்லிய காப்புக் கலவை போடுங்கள். இல்லையென்றால் டைல்ஸ் வேலைக்கு வருபவரின் கரண்டியும் செருப்பில் ஒட்டிய ஜல்லியுமே அதைக் கிழித்துவிடும்.

இந்த 5 நாளில்தான் வீட்டில் உள்ளவர்களின் பொறுமை தீரும். அறையில் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும், தண்ணீர் மட்டும் நின்றுகொண்டிருக்கும். அப்போது வளைந்து கொடுக்காதீர்கள்.

குளித்த பிறகு மூலையில் தண்ணீர் தேங்குகிறது. புதிதாகச் செய்யும்போது எப்படித் தவிர்ப்பது?

வாட்டம். ஒரு மீட்டருக்கு 1 முதல் 2 செ.மீ. சரிவு, வடிகாலை நோக்கி. ஷவர் பகுதியில் கொஞ்சம் கூடுதலாக, கோப்பை இருக்கும் பகுதியில் குறைவாக. டைல்ஸ் கலவையில் சரி செய்துகொள்ளலாம் என்பார்கள். அதற்கு அடியில் உள்ள தளத்திலேயே வாட்டம் வந்துவிட வேண்டும், அப்போதுதான் கிரௌட் வழியாக இறங்கும் ஈரமும் வடியும். பெரிய டைலை நான்கு பக்கச் சரிவுக்கு வளைக்க முடியாது, அதனால் ஷவர் தளத்துக்குச் சின்ன டைல்ஸே நல்லது. ஒட்டிய மறுநாள் ஒரு வாளித் தண்ணீரை வாசலருகே ஊற்றிப் பாருங்கள். எங்கேயும் நிற்காமல் போக வேண்டும்.

என்ன டைல்ஸ் வாங்கலாம்?

தளத்துக்கு, ஈரத்தில் வழுக்காதது. கையைத் தண்ணீரில் நனைத்து மாதிரி டைலின் மேல் அழுத்தித் தள்ளிப் பாருங்கள். பெட்டியில் வழுக்குத் தர எண் இருந்தால் ஆர் 10 அல்லது ஆர் 11 பாருங்கள். நீர் உறிஞ்சுதல் 0.5 சதவீதத்துக்குள் இருக்கும் போர்சலின் வகை தளத்துக்கு நல்லது. சுவருக்கு உங்கள் விருப்பம். கணக்கைவிட 10 சதவீதம் கூடுதலாக, எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண்ணாகப் பார்த்து வாங்குங்கள். மிச்சமான பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். எங்களுக்கு அந்த நான்கு டைல்ஸ் அதிலிருந்துதான் கிடைத்தது. ஷவர் பகுதிக்கு எபாக்ஸி கிரௌட் போட முடிந்தால் போடுங்கள். தண்ணீரை உறிஞ்சாது, கறையும் பிடிக்காது.

பெரிய ஷவர் ஆசை. பழைய வீட்டில் தண்ணீர் வேகமாக வருமா?

மேல்தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீராக இருந்தால் ஒரு எளிய கணக்கு: 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம். ஷவருக்கு மேலே தொட்டி 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் 0.3 பார்தான். அகலமான மழை ஷவர் பலவற்றுக்கு அது போதாது, சொட்டுச் சொட்டாக இறங்கும். வாங்கும் முன் பெட்டியில் தேவையான அழுத்தத்தைப் பாருங்கள். குழாய்ப் பருமனைக் கூட்டினால் வழியில் ஏற்படும் அழுத்த இழப்பு குறையும், ஆனால் உயரம் தருவதைவிட அழுத்தம் கூடாது. பம்ப் வைப்பதானால் இப்போதே அதற்கு வயரும் இடமும் விடுங்கள்.

மின்சார வேலையில் எதைக் கவனிக்க வேண்டும்?

இதில் சிக்கனம் கூடாது. தகுதி பெற்ற எலக்ட்ரீஷியனே செய்யட்டும். குளியலறை லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் இருக்க வேண்டும், வாட்டர் ஹீட்டருக்குத் தனி வயர், சரியான எர்த். பழைய வீடுகள் பலவற்றில் எர்த் வயர் சுவிட்ச் பெட்டியோடு நின்றுவிடும் அல்லது இருக்கவே இருக்காது. புது ஹீட்டரை மாட்டும் முன் அதைச் சோதிக்கச் சொல்லுங்கள். துண்டிப்பானில் உள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்ப்பது உங்கள் வேலை.

சுவரில் கருப்பாகப் பூஞ்சை வந்துகொண்டே இருந்தது. புதிதிலும் வருமா?

காற்று வெளியேறாவிட்டால் வரும். ஏழு பேர் அடுத்தடுத்துக் குளிக்கும் அறை உலர்வதற்கே நேரம் கிடைக்காது, அதனால் எக்ஸாஸ்ட் ஃபேன் அவசியம். 5 சதுர மீட்டர் பரப்பும் 2.5 மீட்டர் உயரமும் உள்ள அறையில் 12.5 கன மீட்டர் காற்று. அதை மணிக்கு 8 முறை மாற்ற, மணிக்கு 100 கன மீட்டர் இழுக்கும் ஃபேன் வேண்டும். அது காற்றைக் கட்டாயம் வெளியில் விட வேண்டும். பரணில் விட்டால் பூஞ்சை அங்கே குடிபோகும். உள்ளே காற்று வர கதவுக்கு அடியில் 1, 2 செ.மீ. இடைவெளி விடுங்கள். கடைசி ஆள் குளித்த பிறகு 20 நிமிடமாவது ஓடட்டும்.

பூஞ்சை வேறு, நாற்றம் வேறு. நாற்றம் பெரும்பாலும் தள வடிகாலின் டிராப்பிலிருந்து, அதாவது தண்ணீர் தேங்கி நிற்கும் பகுதியிலிருந்து வரும். அதில் சுமார் 5 செ.மீ. தண்ணீர் எப்போதும் நின்று கழிவுக் காற்றைத் தடுக்க வேண்டும். பல நாள் வீட்டைப் பூட்டிவைத்தால் அது வற்றிவிடும். ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும்.

வயதானவர்களுக்கு ஏற்றபடி செய்ய என்னென்ன வேண்டும்? பார்க்க ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிடுமா?

ஆகாது. வீட்டில் ஒரே குளியலறை என்றால் அது அங்கே மிகவும் தளர்ந்தவருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இளையவர்கள் எதிலும் சமாளித்துக்கொள்வார்கள். இன்று யாருக்கும் தேவையில்லை என்றாலும் ஒருவருக்குக் கால் எலும்பு முறிந்தால் போதும், தேவை வந்துவிடும்.

கதவு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும், அல்லது சறுக்குக் கதவாக இருக்கட்டும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துவிடும். தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய வகையாக இருக்கட்டும். கதவு திறந்தால் 80 செ.மீ.க்குக் குறையாமல் வழி கிடைத்தால் சக்கர நாற்காலி நுழையும். கோப்பையின் இருக்கை வழக்கமாகத் தரையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில் வரும், 45 செ.மீ. உயரம் உள்ளதை வாங்கினால் முழங்கால் வலிப்பவர் கை ஊன்றாமல் எழுவார்.

கைப்பிடிக் கம்பியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். அதை இன்று மாட்டாவிட்டாலும் மாட்டும் இடத்தைச் சுவருக்குள் இன்றே தயார் செய்யுங்கள். செங்கல், கான்கிரீட் சுவரில் நீளமான போல்ட் பிடிக்கும். பலகைச் சுவராக இருந்தால் டைல்ஸ் ஒட்டும் முன் பின்னால் கெட்டியான மரக்கட்டை பதிக்க வேண்டும். கோப்பைக்குப் பக்கத்தில் தரையிலிருந்து சுமார் 85 செ.மீ. உயரத்தில் ஒன்று, ஷவருக்குள் ஒன்று, நுழையும் இடத்தில் ஒன்று. வயதானவரை அழைத்து, செருப்பில்லாமல் நிற்கவைத்து, இயல்பாகக் கை எங்கே போகிறதோ அங்கே பென்சிலால் குறியுங்கள். ஒரு வளர்ந்த ஆள் முழு எடையையும் போட்டுத் தொங்கினாலும் அது அசையக் கூடாது. உறிஞ்சுபிடி ஒட்டும் கம்பிகளை நம்பாதீர்கள். துண்டு மாட்டும் கம்பியையும் கைப்பிடிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். வழுக்கும்போது கை எதைப் பிடிக்கும் என்று யாருக்கும் தெரியாது.

சுடுதண்ணீர் இன்னொன்று. 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளில் தோலைச் சுட்டுவிடும், உணர்ச்சி குறைந்த கால்களுக்கு அது தெரியவே தெரியாது. வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கலவைக் குழாய் ஒன்றை ஷவருக்கு வையுங்கள். இரவில் தானாக எரியும் ஒரு மங்கிய விளக்கும் வேண்டும்.

பழையதில் எதையாவது வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. கனமான பித்தளைக் குழாய் வாஷர் மாற்றினால் இன்னும் பல வருடம் உழைக்கும். தேக்குக் கதவை அடிப்பகுதி இற்றிருந்தால் அந்த அளவுக்கு வெட்டி, வேறு மரம் சேர்த்துச் சரி செய்யலாம். எங்கள் குளியலறையில் தாத்தா துணி மாட்டிய இரும்புக் கொக்கி ஒன்று இருந்தது. துருவைத் தேய்த்து, வண்ணம் அடித்து அதே உயரத்தில் மாட்டினோம். அப்பா உள்ளே போகும்போதெல்லாம் அதில்தான் துண்டைப் போடுகிறார்.

ஆளுக்கொன்று சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பணம் தருபவர், அதிகம் பயன்படுத்துபவர், தினமும் சுத்தம் செய்பவர் என்று மூவர் இருப்பார்கள். மூன்றாமவரைத்தான் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கோப்பைக்குப் பின்னால் துடைப்பம் நுழையுமா, எந்த மூலையில் அழுக்கு சேரும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். இடிப்பதற்கு முன் ஒருநாள் எல்லோரும் உட்கார்ந்து பேசி, முடிவுகளை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். அதன் பிறகு மாற்றம் இல்லை. வேலை நடுவில் வரும் ஒவ்வொரு “இதை இப்படி வைக்கலாமே”க்கும் இரண்டு நாள் போகும்.

ஒப்பந்தம் எப்படிப் போடுவது?

எழுத்தில் போடுங்கள், தெரிந்தவராக இருந்தாலும். எத்தனை கோட்டிங், எந்தச் சோதனைகள், குப்பையை யார் அகற்றுவது, கழிப்பறை இல்லாத நாட்கள் அதிகபட்சம் எத்தனை என்பது இருக்கட்டும். பணத்தை வேலை முடிவுகளோடு கட்டுங்கள்: அழுத்தச் சோதனை முடிந்ததும் ஒரு பகுதி, தேக்கிப் பார்த்த சோதனை முடிந்ததும் ஒரு பகுதி, டைல்ஸ் முடிந்ததும் ஒன்று. கடைசி 10 சதவீதம், இரண்டு வாரம் பயன்படுத்திப் பார்த்த பிறகு.

எல்லாம் பொருத்தியாகிவிட்டது. எப்போது குளிக்கலாம்?

மூலைகளில் அடித்த சிலிக்கான் காய 24 மணி நேரம். கிரௌட்டுக்கு அதன் பெட்டியில் சொன்ன நாட்கள். எபாக்ஸி என்றால் பெரும்பாலும் சில நாட்கள் தண்ணீர் படாமல் இருக்க வேண்டும். கோப்பையை அதற்கு முன்பே பயன்படுத்தலாம், அடிச் சிமென்ட் இறுகியிருந்தால் சரி.

முதல் நாள் எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து, அதே சமயம் ஃப்ளஷ்ஷையும் அழுத்திப் பாருங்கள். தள வடிகாலில் குபுகுபுவென்று சத்தம் வந்தால் கழிவுக் குழாயின் காற்றுப் போக்கியில் குறை இருக்கிறது, வேலையாட்கள் போகும் முன்பே சொல்லிவிடுங்கள். முதல் இரண்டு வாரம், தினமும் காலையில் கடைசி ஆள் குளித்து முடித்ததும், மறுபக்கச் சுவரையும் பேசினுக்கு அடியில் உள்ள இணைப்புகளையும் உலர்ந்த காகிதத்தால் தொட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரமும் காகிதத்தில் தெரியும். எங்கள் வீட்டில் அம்மா திரும்பி வந்த அன்று காலையிலும் அந்தக் காகிதம் உலர்ந்தே இருந்தது.